கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற கழுதை

மூங்கில் குளத்தங்கரையில் மிருகங்களின் கால்பந்துக் குழு ஒன்று இருந்தது. பெரிய குழு என்று நினைத்துவிடாதீர்கள்! யானையும் சிறுத்தையும் ஆடுகிற முதல் பிரிவு மலைக்கு மேலே இருந்தது. மான்கள் ஆடுகிற இரண்டாம் பிரிவு அடிவாரத்தில். நம் குளத்தங்கரைக் குழு மூன்றாம் பிரிவு. அதற்குக் கீழே பிரிவே கிடையாது.

அந்தக் குழுமேல் உயிரையே வைத்திருந்தார் ஒரு ரசிகர். கம்பீரன் என்ற கழுதை. மழையோ வெயிலோ, ஆட்டம் என்றால் முதல் ஆளாக வந்துவிடுவார். தன் குழுவின் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால்தான் நிற்பார். இடைவேளைக்குப் பிறகு குழு பக்கம் மாறினால், இவரும் மைதானத்தைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

"என் சத்தம் காதில் விழுந்தால்தான் பசங்களுக்குத் தெம்பு!" என்பார்.

சத்தம் என்றால் சும்மா சத்தமா? அடேயப்பா! நாவல் மரத்தில் பழம் உதிரும்.

இந்தப் பருவத்தில் கோல் காக்கப் புதிதாக ஓர் அலுங்கு, அதாவது எறும்புதின்னி, வந்திருந்தது. பெயர் செதிலன். உடம்பெல்லாம் ஓடு வேய்ந்ததுபோலச் செதில். அலுங்குகள் வளைக்குள் தன்னந்தனியாகக் கிடக்கிற இனம். செதிலனுக்கு அந்த வாழ்க்கை பிடிக்கவில்லை. நாலு பேரோடு சேர்ந்து ஆட வேண்டும், ஆடி முடித்து ஒன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

பருவம் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் தோல்வி.

"இப்போதானே ஆரம்பம்! உடம்பு சூடாக வேண்டாமா?" என்றார் கம்பீரன்.

அடுத்த ஆட்டத்திலும் தோல்வி.

"தரை ஒரே ஈரம்! ஈரத்தில் யாரால் ஓட முடியும்?" என்றார். எதிரணியும் அதே ஈரத்தில்தான் ஓடியது. அது அவருக்குத் தோன்றவே இல்லை. பாவம், பாசம் கண்ணை மறைத்தது.

அதற்கடுத்த ஆட்டத்திலும் தோற்றபோது, கரையில் உட்கார்ந்திருந்த மொட்டையன் என்ற குரங்கு கத்தியது.

"அண்ணே, கவனிச்சீங்களா? பந்து பக்கத்தில் வந்தாலே அந்த அலுங்கு சுருண்டு உருண்டையாகிடுறான்! பந்து அவனைத் தாண்டி ஜாலியா உள்ளே போகுது! சரியான பயந்தாங்கொள்ளி!"

உண்மைதான். செதிலன் சுருண்டுகொள்வதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஓர் ஆட்டம் ஆற்றுக்கு அக்கரையில் நடந்தது. ஆற்றில் நல்ல வெள்ளம். ஆட்டக்காரர்களை எருமைகள் முதுகில் ஏற்றிக்கொண்டு போயின. கம்பீரனை ஏற்றிக்கொள்ள எந்த எருமையும் சம்மதிக்கவில்லை. மனுஷர் இக்கரையிலேயே தவித்துக்கொண்டு நின்றார். ஐயோ, மனுஷர் என்றா சொன்னேன்? கழுதைதான்!

சாயங்காலம் சேதி வந்தது. வெற்றி! ஒரு கோல்கூட வாங்காமல் வெற்றி!

கம்பீரன் துள்ளிக் குதித்தார். "நான் போகாமலே ஜெயிச்சிட்டாங்க! நான் போயிருந்தா இன்னும் நாலு கோல் அடிச்சிருப்பாங்க! இனி நமக்கு ஏறுமுகம்தான். கோப்பை நமக்கே!"

மறுபடி சொந்த மைதானத்தில் ஆட்டம். கம்பீரன் கம்பத்துக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "விட்டுடாதேடா! பிடிடா! பிடிடா!"

செதிலன் சுருண்டான். கோல்! மறுபடி சுருண்டான். மறுபடி கோல்! அன்றைக்குக் குழு வாங்கிய அடியைச் சொல்லி மாளாது.

கம்பீரனுக்கு மனசே விட்டுப்போயிற்று. பாசம் வைத்தவருக்குத்தானே கோபமும் அதிகம் வரும்!

குளத்தங்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ரசிகர்கள் எல்லோரும் ஓர் ஆட்டக்காரருக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டால், அவர் அன்றோடு குழுவை விட்டுப் போய்விட வேண்டும்.

"அடுத்த ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் விழட்டும்! எல்லோரும் முதுகைத் திருப்பிடலாம். அண்ணே, நீங்கதான் முதலில் திரும்பணும்!" என்றது குரங்கு.

"சரி" என்றார் கம்பீரன். ஆனாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று செதிலனின் வளைக்குப் போனார்.

"தம்பி, கேட்கிறேன்னு தப்பா நினைக்காதே. பந்தைப் பார்த்து ஏன்டா இவ்வளவு பயம்?"

"பந்தா? பந்துக்கு நான் பயந்ததே இல்லையே, அண்ணே!"

"அப்புறம் ஏன் சுருண்டுக்கிற?"

செதிலன் தலை குனிந்துகொண்டான். கம்பீரன் விடவில்லை. கடைசியில் செதிலன் மெல்லச் சொன்னான்.

"முதுகுக்குப் பின்னால் திடீர்னு பெரிய சத்தம் கேட்டா எங்க இனத்துக்கு உடம்பு தானாகவே சுருண்டுக்கும். எவ்வளவோ அடக்கிப் பார்த்துட்டேன், அண்ணே. முடியலை."

கம்பீரனுக்குச் சுருக்கென்றது. அக்கரை வெற்றி அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"அடப்பாவி! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?"

"எங்களுக்காக மழையில் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க. உங்களைப் போய் எப்படி வாயை மூடுங்கன்னு சொல்றது?"

கம்பீரன் வீடு திரும்பினார். அன்றைக்குப் புல்லும் இறங்கவில்லை.

அடுத்த ஆட்டம் காட்டுப்பன்றிகளோடு. கம்பீரன் வழக்கமான இடத்தில் வந்து நின்றார். ஆனால் வாயில் ஒரு மூங்கில் துண்டைக் கவ்விக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே இது?" என்றது குரங்கு.

கம்பீரன் தலையை மட்டும் ஆட்டினார்.

பன்றிகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. கத்தாமல் இருப்பது இவ்வளவு கஷ்டமா! கம்பீரன் குளம்பால் தரையைக் கீறினார். காது விடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. மூங்கிலைக் கடித்துக்கொண்டு நின்றார். செதிலன் ஒரு பந்தைத் தட்டிவிட்டான். இன்னொன்றை வாலால் அடித்துத் தள்ளினான்.

ஆட்டம் முடியும் நேரம். பன்றித் தலைவன் தனியாகப் பாய்ந்து வந்தான். தடுக்க ஒருவருமில்லை.

"போச்சு! திரும்புங்க, திரும்புங்க!" என்று குரங்கு கோல் விழுமுன்பே முதுகைக் காட்டியது. கரையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

கம்பீரன் திரும்பவில்லை. தொண்டை வரை வந்த சத்தத்தை அப்படியே விழுங்கினார். மூங்கில் வாய்க்குள்ளேயே சத்தமில்லாமல் நொறுங்கியது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

பந்து பாய்ந்தது. செதிலனும் பாய்ந்தான். இரண்டு கையாலும் பந்தை அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தான்.

நடுவராக இருந்த மரங்கொத்தி கட்டையைத் தட்டியது. ஆட்டம் முடிந்தது. இரு பக்கமும் கோல் இல்லை. மூன்றாம் பிரிவில் அதுவே பெரிய திருவிழா!

திரும்பி நின்றவர்கள் யாரும் செதிலன் அந்தப் பந்தைப் பிடித்ததைப் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒரே ஒருவர்தான்.

செதிலன் மூச்சிரைக்க அவரிடம் ஓடி வந்தான். "அண்ணே, ஆட்டம் முடிஞ்சிடுச்சு! இப்போ கத்துங்க, எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க!"

கம்பீரன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது. "வா, தண்ணி குடிக்கப் போகலாம்" என்று தம்பியைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கு நடந்தார்.

நீதி: நாம் நேசிப்பவர்கள் தடுமாறும்போது, அவர்களைக் குறை சொல்லுமுன் நம் அன்பே அவர்களுக்குத் தொல்லையாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.