காவியும் நீலமும்

நூல் மில்லில் முப்பது வருசம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாச்சிமுத்து, கைக்கு வந்த பணத்தில் இருபது பெட்டை ஆடும் ஒரு கிடாவும் வாங்கினார். செம்மறியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துப் பாவாயிதான் அவருக்குக் குரு. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆட்டோடு பிறந்து ஆட்டோடு வளர்ந்தவள்.

ஒரு வருசம் ஓடியது. ஆட்டுப்பட்டியில் ஒரு குட்டிகூட விழவில்லை.

"அம்மிணி, இதுல எதெது மலடுன்னு தொட்டுக் காட்டு. தீபாவளி கழிஞ்சதும் சந்தைக்கு ஏத்திடறேன்."

பாவாயி பெட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிடா எப்பிடிங்ணா?"

"அதுக்கென்ன குறை? நெஞ்சைப் பாரு, நடையைப் பாரு. பாத்தாலே தெரியலையா?"

அப்படியே பேச்சுவாக்கில் வீட்டு விசயமும் வந்தது. "மருமகளையும் அந்தச் சமயம் தாராபுரத்துல அவ அம்மா வீட்டுல விட்டுட்டு வந்துரணும். நாலு வருசமாச்சு, வயித்துல ஒண்ணுமில்ல. பையனுக்கு வேற எடம் பாத்துட்டோம்."

"பையனை டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"அவனைப் பாத்தாலே தெரியலையா?"

பாவாயி விளக்கெண்ணெய் வேண்டும் என்றாள். மருமகள் மேகலை கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தலை நிமிராமல் போனாள். பாவாயி எண்ணெயில் காவியைக் குழைத்து, கிடாவின் நெஞ்சில் அப்பினாள்.

"கிடா ஏறின பெட்டைக்குப் பின்பக்கம் செவப்பு ஒட்டும். தெனம் பாருங்க."

பதினேழு நாளில் இருபதுக்கும் சிவப்பு. நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒண்ணைக்கூட விடல, பாத்தியா?"

"பாத்தனுங்ணா." காவியைத் துடைத்துவிட்டு, துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்து அப்பினாள்.

"இது எதுக்கு?"

"பெட்டைக்குப் பதினேழு நாளைக்கு ஒருக்காப் பருவம் வரும். செனை புடிச்சுட்டா வராது, கிடாவை அண்ட விடாது. இனி நீலம் ஒட்டுனா, மொதத் தடவை நிக்கலைன்னு அர்த்தம்."

அடுத்த பதினேழு நாளில் இருபதுக்கும் சிவப்பின் மேல் நீலம் ஒட்டியிருந்தது. நாச்சிமுத்து இரண்டு தரம் எண்ணினார்.

"இருபதுமா மலடு?" குரல் இறங்கிவிட்டது.

பாவாயி அவருடைய கிடாவைத் தனியே கட்டினாள். தன் பட்டியிலிருந்து காது கிழிந்து, ஒரு கால் நொண்டும் கிழட்டுக் கிடாவை ஓட்டிவந்தாள்.

"இதுவா? காத்தடிச்சா விழுந்துருமே."

"விழுந்தா எழுப்பி விடுங்க," என்று அதன் நெஞ்சில் மஞ்சளை அப்பினாள்.

இருபதுக்கும் மஞ்சள் ஒட்டியது. பிறகு பச்சைச் சாயம். அடுத்த பதினேழு நாளில் பச்சை ஒட்டியது இரண்டே பெட்டைக்கு. மற்றவை கிழட்டுக் கிடாவை முட்டித் தள்ளிவிட்டு மேயப் போயின.

தீபாவளி கழிந்திருந்தது. வெள்ளிக்கிழமை தாராபுரத்துக்குக் கார், சனிக்கிழமை சந்தைக்கு மினி வேன், இரண்டுக்கும் நாச்சிமுத்து சொல்லி வைத்திருந்தார்.

கட்டிக் கிடந்த தன் கிடாவை வெகுநேரம் பார்த்தார். அது கம்பீரமாகத்தான் நின்றது. கழுவிய கிண்ணத்தோடு மேகலை பட்டியின் படல் ஓரம் நின்றிருந்தாள்.

"அம்மிணி, வண்டி வேண்டாம்னு சொல்லிடறேன்."

பாவாயி கைச்சாயத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "எந்த வண்டிங்ணா?"