குலப்பாட்டில் ஓர் அந்நியன்

கடல் தாண்டி வந்தவர்கள் பிரித்தானியத் தீவில் சின்னச் சின்ன அரசுகளைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி ஓர் அரசில் ஹூனா என்றொரு பாணர் இருந்தார். அரசரின் முன்னோர் பெயர்களை வரிசையாகச் சொல்லும் குலப்பாட்டு முழுவதும் அவர் வாயில் இருந்தது.

அதைக் கற்க வந்தவன் டில்வின். தாடி நரைத்த பழைய போர்வீரன். தோளில் ஈட்டி பாய்ந்த பிறகு கேடயம் தூக்க முடியவில்லை. யாழைத் தூக்கினான்.

ஒரு மதியம் அவன் யாழைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றான்.

"ஐயா, நாளை மண்டபத்தில் நான்தானே பாட வேண்டும்?"

"நீதான். என் தொண்டை போய்விட்டது."

"தளபதி கார்வுல்ஃப் கூப்பிட்டார். ஒரு பெயரை விட்டுவிட வேண்டுமாம்."

"எதை?"

"கினான்."

குலப்பாட்டில் மற்றவை எல்லாம் கடல் தாண்டி வந்த ஆங்கிலர் பெயர்கள். கினான் மட்டும் இந்த மண்ணின் பழைய குடிப் பெயர். பழைய குடிகளை ஆங்கிலர் 'வேலா' என்றார்கள். அந்நியன் என்று பொருள். அடிமைக்கும் அதே சொல்தான்.

"நம்மைப் போலக் கடல் தாண்டி வந்த சாக்சன் கூட்டத்து அரசர், நம் அரசருக்குப் பெண் கொடுக்க வருகிறார்" என்றான் டில்வின். "மாப்பிள்ளையின் முன்னோரில் ஒரு வேலா என்று கேட்டால் பெண்ணைத் திருப்பிக் கூட்டிப்போய்விடுவாராம். பாடினால் என் நாக்கு இருக்காதாம்."

"அப்படியானால் விட்டுவிடு."

"விட்டால் கீழ் வரிசையில் இருக்கிற வேலாக்கள் எழுந்து போய்விடுவார்கள். அந்த ஒரு பெயருக்காகத்தான் மேற்கு எல்லையில் நமக்குக் காவல் நிற்கிறார்கள். அவர்கள் போனால் எல்லையும் போச்சு." தாடியைச் சொறிந்தான். "உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் பெயர் பிடிக்காது. அவர்களோடு சண்டை போட்டவன் நான். பல்லிடுக்கில் நார் சிக்கின மாதிரி இருக்கிறது. என்ன செய்யட்டும்?"

ஹூனா ஒரு குடத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"தாகமாக இருக்கிறது. வா, ஆற்றுக்குப் போவோம்."

ஆற்றில் நெஸ்டா என்ற பழைய குடிப் பெண் கம்பளி அலசிக்கொண்டிருந்தாள்.

"டில்வின், இது எந்த ஆறு?" என்றார் ஹூனா.

"என்ன ஐயா கேள்வி! அவோன் ஆறு."

நெஸ்டா சிரித்தாள்.

"எதற்கு இளிக்கிறாய்?"

"ஒண்ணுமில்லை வீரரே. இன்னொரு தடவை சொல்லுங்க. கேட்க நல்லாருக்கு."

"அவோன் ஆறு!"

அவள் கம்பளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அவோன் என்றால் என்னம்மா?" என்றார் ஹூனா.

"எங்க பேச்சுல அவோன்னா ஆறுங்க, ஐயா. உங்க முப்பாட்டன் படகுல வந்து இறங்கி, தண்ணியைக் காட்டி 'இது என்ன'ன்னு கேட்டிருக்கார். எங்க முப்பாட்டன் 'ஆறு'ன்னு சொல்லியிருக்கார். வேற என்ன சொல்வார்? அன்னையிலேர்ந்து நீங்க இதை 'ஆறு ஆறு'ன்னு கூப்பிடறீங்க. நாயைப் பார்த்து 'நாய் நாயே, வா'ங்கற மாதிரி."

ஹூனா இருமல் வரும்வரை சிரித்தார். டில்வின் சிரிக்கவில்லை.

"எங்கள் ஆள் கையில் வாள் இருந்திருக்கும்" என்றான்.

"இருந்திருக்கும்."

"உங்கள் ஆள் கையில்?"

"மீன்கூடை."

"அவர் ஓடவில்லையா?"

"கேட்டவனுக்குப் பதில் சொல்லாம ஓடறதா? எங்க இறங்கினா கழுத்தளவு, எங்க முழங்காலளவுன்னும் காட்டிக் கொடுத்திருக்கார். இல்லாட்டி நீங்க இன்னிக்கு இங்க நின்னு என்னை முறைப்பீங்களா?"

டில்வின் தண்ணீரைப் பார்த்தான். பிறகு, போர்க்களத்தில்கூடத் தணியாத குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான்.

"கினான்... நான் சரியாகச் சொல்கிறேனா?"

"கடைசியில நசுக்கிடறீங்க. முதலெழுத்தை அழுத்திச் சொல்லிட்டு மெதுவா விடுங்க."

அவன் சொன்னான். அவள் திருத்தினாள். மறுபடி சொன்னான். ஹூனாவே குடத்தை வாங்கித் தண்ணீர் மொண்டுகொண்டார்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. ஆங்கிலப் பெண்கள் தோளில் நீண்ட சிலுவை ஊசி குத்தியிருந்தார்கள். சாக்சன் பெண்கள் தட்டுப் போன்ற வட்ட ஊசி. கீழ் வரிசைப் பெண்கள் வளைய ஊசி. ஒருத்தியின் ஊசியை இன்னொருத்தி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் உருகி வந்த வெண்கலம்தான். ஆனாலும் என்ன அழகு, ஒவ்வொன்றும் வேறு அழகு.

டில்வின் யாழை மீட்டினான்.

"ஆல்டுவின் நம் அரசர், வீக்காவின் மகன். வீக்கா, ரோத்தின் மகன். ரோத்..."

தளபதி கார்வுல்ஃபின் கை இடுப்புக் கத்திக்குப் போனது.

"ரோத், கினானின் மகன்."

முதலெழுத்தை அழுத்தி மெதுவாக விட்டான். கீழ் வரிசையில் இருந்தவர்கள் மொத்தமாக எழுந்து நின்றார்கள். இருக்கைப் பலகை இழுபடும் சத்தம்கூட இல்லை.

"பாணரே!" தளபதி கத்தினார். "உம் சீடன் அரசர் குலத்தில் அந்நியன் பெயரைக் கலக்கிறான். அதை எடுக்கச் சொல்லும். இல்லையென்றால் நான் அவன் நாக்கை எடுக்கிறேன்."

ஹூனா எழுந்தார்.

"எடுத்துவிடலாம் தளபதி. ரோத் வேறு யாருக்குப் பிறந்தார் என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள். எல்லோரும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக."

அரசர் ஆல்டுவின் மெல்லத் தலை திருப்பித் தளபதியைப் பார்த்தார். தளபதியின் கை கத்தியை விட்டது.

சாக்சன் அரசர் மேசையில் ஓங்கித் தட்டிச் சிரித்தார்.

"எங்கள் வரிசையிலும் இப்படி ஒருவர் உண்டு. அந்த இடம் வந்ததும் எங்கள் பாணன் இருமி மறைத்துவிடுவான். உங்கள் பாணன் இருமவில்லை. மேலே பாடு அப்பா."

டில்வின் பாடி முடித்தான். நின்றவர்கள் கடைசிவரை நின்றே கேட்டார்கள்.

வெளியே வந்ததும் அவன் குருவைப் பிடித்துக்கொண்டான்.

"தளபதி வாயை அடைக்கிற பதில் உங்களிடம் நேற்றே இருந்ததா?"

"இருந்தது."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே! ராத்திரி முழுக்க நாக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பயமில்லாமல் பாடியிருப்பேன்."

"பயமில்லாமல் பாடியிருப்பாய்" என்றார் ஹூனா. "அவர்கள் எழுந்து நிற்கிற மாதிரிப் பாடியிருக்க மாட்டாய்."