அடுப்பில் போடாத கல்

மடியில் முறத்தை வைத்துக்கொண்டு செங்கமலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். விரல்கள் தன்பாட்டுக்கு ஓடின. இலையோடு காம்பும் சேர்ந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

மடத்தின் முன்கூடத்தில் அவள் குழந்தை அழுதுகொண்டிருந்தது. இரண்டரை வயது. அப்பன் தோளில் போட்டுத் தட்டியும் அடங்கவில்லை.

குரு அடுக்களைக்குள் வந்தார். சிஷ்யையான செங்கமலத்தைவிட அவருக்கு ஐந்து வயது குறைவு. எல்லாருக்கும் அவர் அம்மா. அவளை மட்டும் அவர் அக்கா என்பார்.

"இன்னைக்குக் கீரைப் பொரியலா, காம்புப் பொரியலா அக்கா?"

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு ஆசுபத்திரிக்குப் போகணும்மா."

"தெரியும்."

அவள் ஈரலில் புற்றுநோய். டாக்டர் படம் போட்டுக் காட்டியது கண்ணை மூடினாலும் தெரிந்தது. தொடையில் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை விடுவார்களாம். மணலைவிடப் பொடியான கண்ணாடி மணிகள், லட்சக்கணக்கில். ஒவ்வொன்றிலும் கதிர்வீச்சு. ரத்தத்தோடு போய்க் கட்டிக்குள் தங்கி, உள்ளிருந்தே அதைச் சுடுமாம்.

"மணி வெளிய வராதாம்மா. உள்ளயே கிடக்குமாம். கதிர் மட்டும் கொஞ்சங்கொஞ்சமா அடங்கிருமாம். ஒரு வாரம் புள்ளைய மடியில வைக்கக் கூடாது, பக்கத்துல படுக்கப் போடக் கூடாதுன்னுட்டாங்க."

"சரி."

"அதான் மூணு நாளா அவர்கிட்டயே விட்டுட்டேன். இப்பவே பழகட்டும்னு. கிட்ட வந்தா நகந்து போயிடறேன்."

குரு கொல்லைப் பக்கம் போனார். திரும்பி வந்து ஒரு கூழாங்கல்லை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"தொட்டுராதீங்க அக்கா. சுடும்."

செங்கமலம் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். பிறகுதான், குரு அதை வெறுங்கையில் கொண்டுவந்தது நினைவுக்கு வந்தது. ஒரு விரலால் மெல்லத் தொட்டாள்.

"சில்லுன்னுதானே இருக்கு?"

"ஆமா."

"பின்னே ஏன் சுடும்னீங்க?"

"நாளைக்கு அடுப்புல போடலாம்னு இருக்கேன்."

செங்கமலம் கல்லையே பார்த்தாள். முன்கூடத்தில் அழுகை தேம்பலாகிவிட்டிருந்தது.

"நாளைக்கு அப்புறம்?"

"சுடும். டாக்டர் சொன்ன நாள்வரைக்கும் தள்ளித்தான் இருக்கணும்."

"அது ஆறுறதுக்குள்ள நான் இல்லாமப் போயிட்டா?"

குரு முறத்தில் கையை விட்டுக் காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"டாக்டருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

செங்கமலம் முறத்தின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பயம் போகவே மாட்டேங்குதும்மா. ராத்திரி வயித்துமேல கைய வச்சா, அங்க யாரோ இருக்கிற மாதிரி இருக்கு."

"போகலைன்னா இருக்கட்டும்" என்றார் குரு. அவள் விரல்களை மெல்லப் பிரித்து, முறத்தைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டார். "கீரைய நான் பாத்துக்கறேன்."

செங்கமலம் காலியாகிப்போன தன் மடியைக் குனிந்து பார்த்தாள்.

"இல்லம்மா, ஒருவேளை நாளைக்கு நான் உள்ள போயி..."

"ம்மா" என்று முன்கூடத்திலிருந்து குழந்தையின் குரல் வந்தது.