நாற்பதாயிரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்

கெடுதல் செய்தவன் குணசீலன். சடையப்பனின் சொந்த அக்காள் மகன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கதை கேட்பவர்கள் நடுவில் அவன்மேல் இரக்கப்பட்டுவிடக் கூடும்.

கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் இருவரும் பங்குக்கு ஃபிளக்ஸ் கடை வைத்திருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்பார்கள். குணசீலன் கம்ப்யூட்டரில் படம் போடுவான். சடையப்பன் நாலாம் வகுப்போடு நின்றவர். அச்சு மெஷினில் ஓட்டுவது, சட்டத்தில் அடிப்பது, கொண்டுபோய்க் கட்டுவது எல்லாம் அவர் வேலை. சாவு வேலைக்கு மட்டும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். பாடை கிளம்புவதற்கு முன்னால் தெருமுனையில் செத்தவர் முகம் நின்றாக வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு சாவுக்கும் அவர் பிந்தியதில்லை.

கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புதிது வாங்க இருவரும் டவுனுக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஒன்று ஐம்பதாயிரம், மற்றது தொண்ணூறாயிரம்.

"ரெண்டுலயும் எங்க வேலை ஓடுமா?" என்று கேட்டார் சடையப்பன்.

"தாராளமா ஓடும் ஐயா. பெரிசு கொஞ்சம் வேகம், படமும் தெளிவு. முக்கியமா, கரண்ட் இல்லாட்டி பன்னெண்டு மணி நேரம் தாங்கும். சின்னது மூணு மணி நேரம்தான்."

குணசீலன் அதற்குள் பெரியதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான். "நம்ம ஊர்ல கரண்ட் போற லட்சணத்துக்கு இதுதான் மாமா சரி."

"கூடப் போற நாப்பதாயிரத்துக்கு மெஷினுக்குப் பழைய ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கிப் போடலாம்டா மாப்பிள."

"டீசல் யாரு ஊத்துறது, எங்க தாத்தாவா? நீங்க இன்னும் புகை விடுற காலத்துலயே இருக்கீங்க மாமா."

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சடையப்பன் மறக்கவில்லை.

வீட்டில் வந்து பேச்சு முற்றியது. சடையப்பனின் மனைவி தையல்நாயகிக்குப் பிள்ளை இல்லை. குணசீலன்தான் பிள்ளை மாதிரி. தன் கையிலிருந்த இரண்டு வளையலையும் கழற்றி வைத்தாள். "பய ஆசைப்படுறான். யாருக்குச் சேத்து வைக்கப் போறோம்?" என்றாள். வளையல் அடகுக்குப் போனது. ஐம்பதாயிரத்தை இருவரும் பாதிப் பாதியாகப் போட்டார்கள். கூடுதல் நாற்பதாயிரம் அந்த அடகுப் பணம், சடையப்பனுடையது. அவள் முன்னால் இருவரும் ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்குள், கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரே ஒரு வேலையையாவது அந்த லேப்டாப் முடித்துக் கொடுத்தால், நாற்பதாயிரத்தைக் கேட்பதில்லை. கொடுக்காவிட்டால், குணசீலன் தன் கையிலிருந்து அதைக் கொடுத்து வளையலை மீட்டுத் தர வேண்டும்.

ஆவணியில் ஒருவர் கல்யாண போர்டுக்குச் சொல்லி, படமெல்லாம் போட்ட பிறகு வேண்டாம் என்றார். கல்யாணம் நின்றுவிட்டதாம். குணசீலன் முன்பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

"படம் போட்ட கூலியவாவது பிடிச்சுக்கிட்டா என்னடா?"

"அச்சாகி அவங்க கைக்குப் போனாத்தான் மாமா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்," என்றான். நல்ல பெயர் வாங்கிக்கொண்டான்.

கார்த்திகையில் புயல் அடித்தது. கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. டவுன் சாலை முழுக்க மரம் கிடந்தது. மறுநாள் விடியற்காலையில் தையல்நாயகிக்கு மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. வெயில் ஏறுவதற்குள் அடங்கிவிட்டாள்.

மாலை நாலு மணிக்கு எடுப்பதென்று முடிவானது. குணசீலன் அழுதுகொண்டே கடைக்கு ஓடினான். தண்ணீர் நின்ற கடையில் மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். யாரோ வீட்டுக் கல்யாணப் படத்தில் ஓரமாக நின்ற அத்தையைப் பிரித்தெடுத்து, நெற்றிக் குங்குமத்தைத் துலக்கி, கன்னத்தில் விழுந்திருந்த நிழலைத் துடைத்து, ஐந்து மணி நேரம் வேலை செய்தான். சின்ன லேப்டாப்பாக இருந்தால் பாதியில் அணைந்திருக்கும்.

மூன்று மணிக்குச் சடையப்பன் ஈர வேட்டியோடு வந்து நின்றார்.

"அத்தை முகம் எப்படி வந்திருக்கு பாருங்க மாமா."

அவர் பார்த்தார். அவளேதான். சிரிக்கப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"அடிடா," என்றார்.

குணசீலன் மெஷினைப் பார்த்தான். அப்புறம் அவரைப் பார்த்தான். "கரண்ட் இல்லையே மாமா."

நாலு மணிக்குத் தையல்நாயகியைத் தூக்கினார்கள். தெருமுனையில் வெறும் கம்பு நின்றது. எட்டாம் நாள் கரண்ட் வந்ததும் குணசீலன் அந்தப் படத்தை அடித்துச் சுருட்டிக்கொண்டு வந்தான். "இன்று மாலை நான்கு மணிக்கு இறுதி ஊர்வலம்" என்ற வரியைக்கூட அவன் எடுக்கவில்லை. சடையப்பன் அதை வாங்கவில்லை. சுருள் வாசலிலேயே கிடந்தது.

வருஷம் முடிந்தது. சடையப்பன் நாற்பதாயிரத்தைக் கேட்டார்.

"நியாயமா பேசுங்க மாமா. அஞ்சு மணி நேரம் அது கரண்ட் இல்லாம தாங்குச்சே! என் வேலையை அது முடிச்சுக் கொடுத்துச்சு. அடிக்காம விட்டது மெஷின். அதுக்கு லேப்டாப் என்ன பண்ணும்?"

"எனக்கு வேலை நடக்கலடா," என்றார் அவர்.

சாட்சியாக இருந்தவளோ போய்ச் சேர்ந்துவிட்டாள். கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள். இந்த இருவரில் யார் பக்கம் நியாயம்? அந்த நாற்பதாயிரம் திரும்ப வர வேண்டியதா, இல்லையா?

விடை: வர வேண்டியதுதான். தீர்ப்பைக் குணசீலனே ஆவணி மாதத்தில் சொல்லிவிட்டான். அச்சாகிக் கைக்குப் போனால்தான் வேலை முடிந்தது என்றவன் அவன். ஊரானுக்கு ஒரு நியாயம், அத்தைக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது. அவன் ஐந்து மணி நேரம் அழுதுகொண்டே உட்கார்ந்ததும் மெய்தான், லேப்டாப் அணையாமல் நின்றதும் மெய்தான். ஆனால் கரண்ட் போனால் மெஷின் நின்றுபோகும் கடையில் லேப்டாப் மூன்று மணி நேரம் தாங்கினால் என்ன, பன்னிரண்டு மணி நேரம் தாங்கினால் என்ன? அதை வாங்குகிற அன்றைக்கே ஒருவர் சொன்னார், சிரித்தார்கள். வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. குணசீலன் இன்றுவரை தரவில்லை.