நாச்சிமுத்துவின் வாக்கும் இரண்டு தாள்களும்

புதிர்க் கதை என்றதும் ராஜகுமாரியைத் தேடாதீர்கள். இங்கே இருப்பது கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறை. இரும்புச் சுருள் தெறிக்கும், எண்ணெய் வாடை அடிக்கும். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். கடைசியில் மாட்டப்போவது நீங்கள்தான்.

பட்டறை நாச்சிமுத்துவுடையது. மகள் மிருதுளா பிளஸ் டூ முடித்திருந்தாள். பள்ளி விட்டதும் பட்டறையில் அப்பாவுக்குக் கைகொடுத்து வளர்ந்தவள். அவள் கடைந்த இரும்பை அளந்து பார்த்தால் மயிரிழை பிசகாது. தொழிற்பயிற்சி நிலையத்தில் அவள் டர்னர், அதாவது லேத்தில் கடையும் தொழில், படித்து, பட்டறையை எடுத்து நடத்த வேண்டும் என்று நாச்சிமுத்துவுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் மனிதர் தங்கம். தன் ஆசையைப் பிள்ளை தலையில் கட்ட மாட்டார்.

அந்தச் சமயம் பார்த்து, பிளஸ் டூ முடித்தவர்களுக்காகப் பள்ளியில் விருப்பத் தேர்வு வைத்தார்கள். இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. 'இந்த வேலை பிடிக்குமா, பிடிக்காதா?' என்று கேட்டுக் கேட்டு, எந்தத் தொழிலில் நாட்டம் என்று சொல்லிவிடும். நடத்தியவர் ஸ்டெல்லா டீச்சர். நாச்சிமுத்து பட்டறை ஆட்கள் முன்னால் அறிவித்தார்:

"என்ற புள்ள மனசுல இருக்கறதப் பேப்பரு சொல்லட்டும். எது வந்தாலும் அதுதான் அவ படிப்பு. பேச்சு மாற மாட்டேன்!"

நாச்சிமுத்து சொன்னால் சொன்னதுதான். கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, காலில் மாவுக்கட்டோடு ஆட்டோவில் போய் இறங்கியவர் அவர்.

மிருதுளா தேர்வு எழுத உட்கார்ந்தாள். எந்தக் கேள்வியைப் படித்தாலும் அப்பா முகம்தான் வந்து நின்றது. 'இயந்திரம் ஓட்டப் பிடிக்குமா?' அப்பாவுக்கு எது சந்தோஷமோ அதையே குறித்தாள்: பிடிக்கும். 'பிறரை அலங்கரிக்கப் பிடிக்குமா?' பிடிக்காது என்று குறித்துவிட்டாள். அடிப் பாவி! அந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் பூ ஜடை பின்னுவது நீதானே!

முடிவு வந்தது. 'டர்னர் வேலைக்கு மிகப் பொருத்தம்.' நாச்சிமுத்து குதித்தார். தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தார். மகளையும் அழைத்துக்கொண்டு டீச்சருக்கும் ஒரு டப்பா கொண்டு போனார். மிருதுளா சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் கையிலிருந்த மைசூர்பாகுத் துண்டைக் கடிக்கவே இல்லை. டீச்சர் அதைக் கவனித்தார். உடனே புதுத் தாள் ஒன்றை எடுத்து நாச்சிமுத்துவிடம் நீட்டினார்.

"மிருதுளாவா உங்களை நினைச்சுக்கிட்டு இதை எழுதுங்க, சார். அவளுக்கு எது பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"இதென்னங்க கூத்து!" என்று சிரித்துக்கொண்டே எழுதியவரின் பேனா ஒரு கேள்வியில் நின்றது. 'எந்த வேலையில் நேரம் போவதே தெரியாது?' பட்டறையில் மகள் வேலையைச் சுத்தமாக முடிப்பாள். ஆனால் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போகும். ஜடை பின்ன உட்கார்ந்தாலோ, பக்கத்தில் வைத்த காபி ஆறி ஆடை கட்டிவிடும். அவருக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. முடிவு வந்தது: 'அழகுக்கலைக்கு மிகப் பொருத்தம்.'

மிருதுளா பதறிப்போனாள். "நான் எழுதுன பேப்பருக்குத்தானுங்கப்பா வாக்குக் குடுத்தீங்க? நான் டர்னரே படிக்கிறேன். என்னால நீங்க பேச்சு மாறக் கூடாது."

"உன்ற மனசு தெரிஞ்ச பொறவு அதெப்படி கண்ணு?" அவர் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கை. டர்னர், அழகுக்கலை இரண்டும் அங்கே உண்டு. ஆனால் ஒரு பிரிவில்தான் சேர முடியும். வாக்கை மீறினால் ஆயுசில் முதல் தடவையாக நாச்சிமுத்து தலைகுனிய வேண்டும். காப்பாற்றினால் பிள்ளையின் ஆசை போச்சு. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: அவர் வாக்கு எந்தத் தாளுக்குப் பொருந்தும்? மகள் எழுதியதற்கா, தகப்பன் எழுதியதற்கா?

விடை: அவர் வாக்கைத் திரும்பப் படியுங்கள். 'பேப்பரு சொல்லட்டும்' என்று மட்டுமா சொன்னார்? 'என்ற புள்ள மனசுல இருக்கறத' என்றார். மகள் எழுதிய தாளில் இருந்தது தகப்பன் மனசு. தகப்பன் எழுதியதில் இருந்தது மகள் மனசு. ஸ்டெல்லா டீச்சர் இரண்டு தாளிலும் பெயரை அடித்து, மாற்றி எழுதினார். "சார், டர்னர் வேலை உங்களுக்கு மிகப் பொருத்தம்னு வந்திருக்கு. வாழ்த்துகள்!" என்று நாச்சிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாக்கும் தவறவில்லை, மிருதுளா அழகுக்கலையில் சேர்ந்தாள். அன்று மாலையே நாச்சிமுத்து லேத்தில் பித்தளைக் கொண்டை ஊசி ஒன்று கடைந்து கொடுத்தார். தெருவுக்கு மறுபடி மைசூர்பாகு. இந்தத் தடவை முதல் துண்டை எடுத்துக் கடித்தவள் மிருதுளாதான்.