முள்ளம்பன்றி கூட்டிய வாசல்

கரட்டுக் குன்றின் அடிவாரத்துக் காட்டில் வடிவு என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்குச் சுத்தம் என்றால் பைத்தியம். புங்கமரத்தடியில் வளை தோண்டிக் குடியிருந்ததால் வாசலில் சருகு உதிர்ந்துகொண்டே இருக்கும். ஒரு சருகு விழக் கூடாது, வாலை ஆட்டிக்கொண்டு கூட்ட வந்துவிடும்.

கூட்டியதை எங்கே போடுவது? வளைக்குப் பக்கத்திலேயே ஒரு வாய்க்கால் இருந்தது. மழைக்காலத்தில் கரட்டுத் தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் குளத்துக்குப் போகும். வெயில் காலத்தில் அது வெறும் பள்ளம். வடிவு சருகையெல்லாம் அதில் தள்ளிவிட்டு, வாசலைத் திரும்பிப் பார்த்துப் பூரித்துப்போகும். அதன் உடம்பிலிருந்து உதிர்ந்த முட்களும் சருகோடு சேர்ந்து பள்ளத்துக்குப் போயின. கண்ணுக்கு மறைந்துவிட்டால் குப்பை ஒழிந்துவிட்டது என்று அதற்கு நினைப்பு. நம்மில் பலருக்கும் அதே நினைப்புதான்.

புரட்டாசியில் வடிவுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. மழைக்கு முன்னால் காடே வீட்டு வேலையில் இறங்கியிருந்த நேரம் அது. எறும்புகள் புற்றின் வாயை உயர்த்தின. அணில், ஆடும் கிளையிலிருந்த கூட்டை மரப்பொந்துக்கு மாற்றியது. வடிவும் சும்மா இருக்கவில்லை. பள்ளத்திலிருந்து கூழாங்கற்களைப் பொறுக்கி வந்து வாசலில் வரிசையாகப் பதித்தது. பொறுக்கப் போனபோதுகூட வாய்க்கால் எப்படிக் கிடக்கிறது என்று அது பார்க்கவில்லை.

பார்த்தது எதிர்க்கரையில் குடியிருந்த செம்பன் என்ற கீரி. இரண்டு பாறைகளுக்கு நடுவே குப்பை அடைத்துக்கொண்டு நின்றது. செம்பன் நேராக வடிவிடம் வந்தது.

"அக்கா, வாய்க்கால் அடைச்சுக் கிடக்கு. மழை வந்தா தண்ணி உங்க வளைக்குள்ளதான் திரும்பும். இன்னிக்கே அள்ளிடலாம், நானும் வர்றேன்."

"முதல்ல உன் வாசலைப் போய்ப் பாரு தம்பி. இறகும் எலும்புமா நாறுது. எனக்குச் சுத்தம் சொல்லித்தர வந்துட்டே!"

செம்பனுக்குச் சுருக்கென்றது. அதன் வாசல் அப்படித்தான் கிடந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அக்கா பாடு என்று போய்விட்டது. அக்கம்பக்கத்துக்கு அது அழகில்லை. ஆனால் ரோஷம் வந்தால் யாருக்கு அழகு தெரிகிறது?

ஐப்பசியில் முதலில் வந்தது வெறும் தூறல். கூழாங்கற்கள் கழுவிவிட்டதுபோல் மின்ன, வடிவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து ஒரு மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டித் தீர்த்தது. கிழங்கு தோண்டப் போயிருந்த வடிவு ஓடி வந்து பார்த்தபோது வாசலையே காணோம். அடைபட்ட தண்ணீர் மேலேறித் திரும்பி, வளைக்குள் குபுகுபுவென்று போய்க்கொண்டிருந்தது. உள்ளறை கொஞ்சம் மேடு. அங்கிருந்து குட்டிகள் கத்தும் சத்தம் கேட்டது.

வடிவு அலறிய அலறலில் செம்பன் பாய்ந்து வந்தது. குத்திக்காட்ட அதற்கு நேரமில்லை. ஒரே தாவலில் குப்பைமேல் ஏறி வாயால் இழுத்தது. இழுத்த வேகத்தில் மூக்கெல்லாம் ரத்தத்தோடு பின்வாங்கியது. உதிர்ந்த முட்கள் குறுக்கும் நெடுக்குமாய்ச் சொருகிச் சருகைப் பாய் முடைந்ததுபோல் இறுக்கியிருந்தன.

"உங்க முள்ளு அக்கா, என்னால வாய் வைக்க முடியல. நீங்க இதை உடைங்க. குட்டிங்களுக்கு இன்னும் முள்ளு முத்தல, நான் உள்ள போய்த் தூக்கிட்டு வர்றேன்."

வடிவு ஒரு கணம் திகைத்து நின்றது. கீரியின் வாயில் குட்டிகளைக் கொடுப்பதா? எலியும் ஓணானும் அந்த வாயில் படும் பாட்டை அது பார்த்திருக்கிறது. ஆனால் தானே உள்ளே போனால் அடைப்பை உடைக்க ஆளில்லை. தண்ணீர் நிற்காமல் ஏறும். குட்டிகளின் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது.

"போ தம்பி," என்றது வடிவு.

அப்புறம் அது திரும்பிப் பார்க்கவில்லை. தான் போட்ட குப்பையைத் தானே கடித்தது, பறித்தது, பிய்த்து எறிந்தது. கடைசியில் அடைப்பு அசைந்து கொடுத்தது. தண்ணீர் ஓவென்று குளத்தைப் பார்த்துப் பாய்ந்தது. வாசலில் நின்ற வெள்ளம் இறங்கியது.

செம்பன் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வந்து மேட்டில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனது. அது கொண்டுவந்த இரண்டாவது குட்டி அசையவில்லை. வடிவு அதை நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தக் குட்டி ஒரு தும்மல் போட்டது. அடுத்து வீறிட்டு அழுதது. தாயும் சேர்ந்து அழுதது.

"அன்னிக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கணும்," என்றது வடிவு.

"நானும் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கக் கூடாது அக்கா," என்றது செம்பன்.

மறு வருஷம் புரட்டாசி வெயில் காயும்போதே வடிவு வளை வளையாகப் போய் எல்லோரையும் வாய்க்காலுக்கு இழுத்து வந்தது. அதன் தொல்லை பொறுக்காமல் சோம்பேறி உடும்புகூட வந்து மண் அள்ளியது. அள்ளிய குப்பையை மரத்தடிக் குழியில் போட்டு மண்ணால் மூடின. அது மக்கி மரத்துக்கு எருவானது.

அந்த ஐப்பசியில் மழை இன்னும் பலமாகப் பெய்தது. வெள்ளம் வாய்க்காலோடு போனது. மழையில் போய் ஆடட்டுமா என்று குட்டிகள் கேட்டன. வடிவு வாய்க்காலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, போய் ஆடுங்கள் என்றது.

வாசலை எவ்வளவு அழகாக வைத்திருந்தாலும், மழைக்கு முன்னால் தண்ணீர் போகும் வழியைத் திறந்து வைப்பவர்தான் வீட்டைக் காப்பாற்றுகிறார்.