தோற்காத கொம்பையாவும் மலைக்கரடியும்

அந்தக் காலத்தில், மனிதன் பேசுவது கரடிக்கும் கரடி பேசுவது மனிதனுக்கும் புரிந்துகொண்டிருந்தபோது, உப்பாறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணற்களம் இருந்தது. பௌர்ணமிதோறும் வெயில் தாழ்கிற நேரத்தில் அங்கே குத்துச்சண்டை நடக்கும். தோணிக்காரர்கள், கல்லுடைக்கிறவர்கள், மலையிலிருந்து இறங்கி வரும் கரடிகள் என்று யார் வேண்டுமானாலும் களத்தில் நிற்கலாம். கையில் நனைத்த துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கரடி என்றால் நகம் தெரியாதபடி இன்னும் மூன்று சுற்று. இதையே தொழிலாகக் கொண்டு பிழைத்தவர்கள் இருபது பேருக்கு மேல் இருப்பார்கள்.

அவர்களில் யாரும் தோல்வியை எண்ணி வைத்ததில்லை. எத்தனை சண்டையில் தோற்றாய் என்று ஒருவனைக் கேட்பது, எத்தனை முறை காய்ச்சலில் படுத்தாய் என்று கேட்பது போலத்தான். விழுந்தவன் எழுந்து, அடித்தவனோடு ஒரே பானைக் கஞ்சியைக் குடித்துவிட்டு அடுத்த பௌர்ணமிக்கு வருவான்.

கொம்பையா ஒரு தோணிக்காரன். தொடர்ந்து ஒன்பது சண்டை ஜெயித்திருந்தான். அது அவனுக்கே தெரியாது. கவனித்தது ஒரு மைனாதான். களத்தோரக் கம்பத்தில் உட்கார்ந்து ஆட்களின் பெயரைக் கூவுவது அதன் வேலை. ஒருநாள் அது பெயரோடு நிறுத்தாமல், "கொம்பையா! ஒன்பது சண்டை! தோற்றதே இல்லை!" என்று கூவிவிட்டது.

கூட்டம் பேச்சை நிறுத்தி அவனைப் பார்த்தது. அடுத்த பௌர்ணமிக்கு ஏழு ஊர் வண்டிகள் வந்தன. களத்துக்குச் சொந்தக்காரரான பூவலிங்கம் மூங்கில் வேலியை இரண்டு முறை பின்னால் தள்ளிப் போட்டார். பத்து, தோற்றதே இல்லை. பதினொன்று, தோற்றதே இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் கொம்பையாவுக்கு உடம்பு சிலிர்த்தது. மைனா பதின்மூன்று என்று கூவியபோது சிலிர்க்கவில்லை. ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை எங்கோ போய், அந்தச் சொல் போய்விடக் கூடாதே என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் மேற்கு மலையிலிருந்து ஒரு கரடி வந்தது. ஏழு முறை தோற்ற கரடி. ஆனால் ஒவ்வொரு தோல்வியிலும் எதையாவது கற்றுக்கொண்டு எழுந்த கரடி. அது ஒரு கல்லுடைப்பவனோடு களத்தில் நின்றதை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்த கொம்பையா, பாதியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

மறுநாள் கரடி அவன் வாசலுக்கே வந்தது.

"கொம்பையா, வர்ற பௌர்ணமிக்கு நாம ரெண்டு பேரும் நிப்போமா? உன்னோட நிக்கணும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"கை சுளுக்கியிருக்கு, கரடியாரே."

"சரி, ஆறட்டும். அதுக்கடுத்த பௌர்ணமி?"

"பார்ப்போம்."

அதற்கடுத்த பௌர்ணமிக்குத் தோணியில் ஓட்டை என்றான். அதற்கும் அடுத்ததற்கு மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றான். கரடி ஆற்றங்கரையிலேயே தங்கிக் காத்திருந்தது. அவன் மனைவி பேச்சிக்குப் பொறுக்கவில்லை.

"தோத்தாத்தான் என்ன? சோறு இறங்காதா உங்களுக்கு?"

"மைனா அப்புறம் என்ன சொல்லிக் கூவும்?"

"கொம்பையான்னு கூவும். அதுதானே உங்க பேரு?"



பூவலிங்கமும் பொறுமை இழந்தார். "கூட்டம் கரடியைக் கேக்குதுப்பா. கரடி வேண்டாம்னா வேற யாரோட நிக்கிறே? ஆளைச் சொல்லு."

கொம்பையா ஆற்றைப் பார்த்தபடி சொன்னான்: "தவசியைக் கூப்பிடுங்க."

பூவலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தவசி கொம்பையாவின் வயதுக்காரன். இருவரும் ஒரே நாளில் களத்துக்கு வந்தவர்கள். வாங்கிய அடிகளில் தவசிக்குக் கை நடுக்கம் வந்து, பேச்சும் குழறியது. சில நாள் சொந்த வீட்டு வாசலே தெரியாமல் தெருவில் நிற்பான். அவன் கடைசியாகக் களத்தில் இறங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது.

அழைப்பைக் கேட்ட தவசி சந்தோஷத்தில் ஓடி வந்து கொம்பையாவைக் கட்டிக்கொண்டான்.

"கொம்பா, என்னை மறக்கலையே நீ! ஞாபகம் இருக்கா, ஒரு தடவை உன்னை மண்ணைக் கவ்வ வச்சேனே? கழுதைமேல போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாங்களே உன்னை?"

நிஜம்தான். மைனா எண்ணத் தொடங்குவதற்கு வெகு நாள் முன்பு நடந்தது. கொம்பையாவே அதை மறந்திருந்தான். இப்போது அவன் குரலைத் தாழ்த்தினான்.

"யார்கிட்டயும் அதைச் சொல்லாதே, தவசி."

"ஏன்? நல்ல சண்டைடா அது!"

பௌர்ணமி வந்தது. லேசாக நாலு தட்டுத் தட்டி, தவசியைப் பூப்போல உட்காரவைத்துவிடலாம் என்றுதான் கொம்பையா நினைத்திருந்தான். அப்படித்தான் தொடங்கினான். கூட்டத்துக்கு அது புரிந்துவிட்டது. "கரடியைக் கூப்பிடு!" என்று ஒரு குரல் எழுந்தது. தவசிக்கோ பழைய நாள் திரும்பிவிட்டது. வாயெல்லாம் சிரிப்பாக உரக்கக் கத்தினான்:

"டேய் கொம்பா! அன்னிக்கு விழுந்த மாதிரியே இன்னிக்கும் விழப்போறே!"

வேலியோரம் நின்றவர்கள் திரும்பினார்கள். கம்பத்தில் மைனா தலையைச் சாய்த்துக் கேட்டது. தவசி மறுபடி வாயைத் திறந்தான். கொம்பையா உடம்பின் பலமெல்லாம் சேர்த்து அவன் காதோரம் குத்தினான்.

தவசி மணலில் உட்கார்ந்தான். சுற்றுமுற்றும் பார்த்து, "யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான். பிறகு சாய்ந்தான். பொழுது அடைவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அதற்கு முன்பே மைனா கூவியிருந்தது: "பதினான்கு சண்டை! தோற்றதே இல்லை!"

பாடைக்கு ஒரு பக்கம் கரடி தோள் கொடுத்தது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது கொம்பையாவிடம் சொன்னது: "நான் ஏழு தடவை தோத்திருக்கேன். அதனால ஒருத்தரும் செத்ததில்லை."

கரடி மனிதனிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. கரடி மலையேறிப் போனது. மற்றக் கரடிகளும் பின்னாலேயே போய்விட்டன.

கொம்பையா நிறுத்திவிடுவான் என்றுதான் பேச்சி நம்பினாள். அவனும் ஒரு மாதம் வெளியே தலைகாட்டாமல் இருந்தான். ஆனால் தவசி செத்த களத்தைப் பார்க்கவே பதினெட்டு ஊர் வண்டிகள் வந்து நின்றன. பூவலிங்கம் வெளியூரிலிருந்து கண் மங்கிய ஒருவனைக் கூட்டிவந்தார். கொம்பையா துணியைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். மற்றவர்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவரவர் தோல்வியை மறைத்தார்கள், வெற்றியை எண்ணினார்கள், தமக்குச் சமமானவன் எதிரே வந்தால் கை சுளுக்கு என்றார்கள். கஞ்சிப் பானையைச் சுற்றி உட்கார ஆளில்லாமல் போயிற்று.

முப்பத்தொரு சண்டை ஜெயித்து, நரைத்து, கொம்பையா வீட்டோடு கிடந்தான். சாவதற்கு முந்தின வாரம் பேச்சியிடம் கேட்டான்:

"பேச்சி, அந்தக் கரடியை நான் ஜெயிச்சிருப்பேனா?"

"எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கே தெரியலை" என்றாள் அவள்.

கொம்பையாவின் காலம் முதல்தான் குத்துச்சண்டைக் களத்தில் ஒருவன் இறங்குமுன் அவன் தோற்றதே இல்லை என்று கூவுகிறார்கள். கூவியபடியே, அவனுக்கு எதிரே நிறுத்த எங்காவது ஒரு தவசியைத் தேடுகிறார்கள்.